உப்புப் பாலத்தைக் கெடுத்த ஆள்

போன மாதம் சங்கீதா எனக்கு வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினாள். நான் முப்பது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்த ஈப்போ ஆய்வுக்கூடத்தில் இப்போது அவள்தான் தண்ணீர்ப் பரிசோதனைப் பகுதியைப் பார்க்கிறாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டும் பயிற்சி ஸ்லைடு அது. தொப்பி போட்ட கேலிச்சித்திர ஆள் ஒருவன் பிஹெச் மீட்டரின் கண்ணாடிக் குச்சியை ஒரு வாளி அமோனியாவில் முக்கிக்கொண்டிருக்கிறான். நாக்கு வெளியே தொங்குகிறது. கீழே சிவப்பு எழுத்தில், இப்படிச் செய்யாதீர்.

“அக்கா, இந்த அமோனியா ஆளு கதை உண்மையா? கிளாஸ்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க லா. நீங்க இருந்தப்ப நடந்ததாமே?” என்று கேட்டிருந்தாள்.

அன்றைக்கு நான் பதில் போடவில்லை. போட்டிருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது. குனோங் ராபாட்டில் என் வீட்டின் பின்கட்டில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டே, அந்தத் தொங்கும் நாக்கை வரைந்தவன் காதுக்கு இந்தக் கதை எவ்வளவு வந்து சேர்ந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சங்கீதா நல்ல பெண். கேட்டதற்காக அவள்மேல் கோபமில்லை. சிரித்தவர்கள்மேலும் கோபமில்லை. படத்தைக் காட்டினால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த ஆளுக்கு நாக்கு தொங்கவில்லை. அவர் பெயர் ஆறுமுகம். இது அவரைப் பற்றி எழுதுவது. என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், அது இல்லாமல் இது விளங்காது.

கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள் நான். படித்தேன், கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கினேன், வேலை தேடி அலைந்தேன். அந்தக் கதை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, இங்கே வேண்டாம். ஈப்போவில் ஒரு தனியார் ஆய்வுக்கூடம் என்னை எடுத்துக்கொண்டது. அதன் உரிமையாளர் சொக்கலிங்கம் சார். செட்டிநாட்டிலிருந்து மலேயாவுக்கு வட்டிக் கடை வைக்க வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. லண்டனில் படித்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கோட்டு, நெற்றியில் ஒரு மெல்லிய திருநீற்றுக் கோடு. குரல் உயர்ந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. யாரையாவது வேலையை விட்டு அனுப்பும்போதுகூட “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

புதிதாக வரும் ஒவ்வொருவரையும் அவர் முதல் வாரத்தில் ஓர் உப்புப் பாலம் செய்யச் சொல்வார். அது தேவையா இல்லையா என்பதல்ல, அவரிடம் வேலைக்குள் நுழைகிற வாசற்படி அது. கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, கை நடுங்காமல் ‘ப’ மாதிரி வளைக்க வேண்டும். நெருப்பு அதிகமானால் வளைவு சப்பையாகிவிடும். பிறகு அகார்-அகார். ஆமாம், நம் வீட்டில் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் போட்டுக் காய்ச்சுகிற அதே அகார்-அகார்தான். தண்ணீரில் காய்ச்சி, அதில் பொட்டாசியம் குளோரைடு உப்பைக் கரையும் மட்டும் கரைத்து, சூடாக இருக்கும்போதே குழாய்க்குள் இறக்க வேண்டும். குழாயைச் சாய்த்து, ஓரத்தில் வழியவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இறக்க வேண்டும். ஒரு காற்றுக்குமிழி உள்ளே மாட்டினாலும் போச்சு. அந்த இடத்தில் பாலம் அறுந்துவிடும்.

என் முதல் குழாயை அவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வளைவில் கடுகளவு ஒரு குமிழி. கழுவு தொட்டியில் சத்தம் வராமல் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். நான் இன்னொன்று செய்தேன். அதையும் தொட்டியில் வைத்தார். அடுத்ததைத்தான் ஏற்றுக்கொண்டார்.

பிறகு இரண்டு பீக்கர்களை மேசைமேல் வைத்தார். ஒன்றில் துத்தநாகத் தகடு, மற்றதில் செம்புத் தகடு, அதனதன் கரைசலில். இரண்டையும் கம்பியால் மீட்டரோடு இணைத்தார். முள் அசையவில்லை. என் குழாயைக் கவிழ்த்து, ஒரு காலை இந்தப் பீக்கரிலும் இன்னொரு காலை அந்தப் பீக்கரிலும் வைத்தார். முள் எழுந்தது.

“பாத்தீங்களா பரமேஸ்வரி. ரெண்டு பக்கமும் கலக்கக் கூடாது. ஆனா ரெண்டு பக்கமும் தொடர்பு இருக்கணும். அதுதான் நம்ம வேலையும். ஒரு பக்கம் கம்பெனிக்காரன், இன்னொரு பக்கம் கவர்மெண்டு. நடுவுல நாம. பாலத்துக்குச் சொந்தக் கருத்து கூடாதும்மா.”

எனக்கு அப்போது அது பெரிய வேதவாக்காகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் சொன்னேன்.

உப்புப் பாலம் என்றால் அந்த வளைந்த குழாய் மட்டும்தான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் நினைப்பார்கள். தண்ணீர் புளிப்பா காரமா என்று அளக்கிற பிஹெச் மீட்டரின் கண்ணாடிக் குச்சிக்குள்ளும் ஒன்று இருக்கிறது. குச்சியின் பக்கத்து அறையில் உப்புக் கரைசல் நிரப்பியிருக்கும். கீழே, நுனிக்குப் பக்கத்தில், ஊசி குத்தினாற்போல ஒரு வெள்ளைப் புள்ளி. அது நுண்துளை உள்ள பீங்கான். அதன் வழியாக உள்ளே இருக்கிற உப்பு மிக மெதுவாக வெளியே கசிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கசிவுதான் பாலம். அது அடைத்தாலும், உள்ளே வேறெதுவும் புகுந்தாலும், மீட்டர் பொய் சொல்லத் தொடங்கும். கோளாறு என்று எங்கும் காட்டாது. எண் வரும், அழகாகப் புள்ளி வைத்து வரும், பொய்யாக வரும்.

இனி ஆறுமுகம் அண்ணன்.

ஒருநாள் காலை ஒரு ரப்பர் பால் தொழிற்சாலையிலிருந்து சாருக்குப் போன் வந்தது. பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டுவிட்டார்கள். தொழிற்சாலையும் அதன் பின்னால் தொழிலாளர்கள் இருக்கும் ஒரு வரிசை லயத்து வீடுகளும் மட்டும் மிச்சம். தொழிற்சாலைக் கழிவுநீர் குளத்தில் தேங்கி, அங்கிருந்து ஒரு சின்ன ஆற்றில் விழும். அந்த ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. லயத்துப் பெண்கள் செத்த மீன்களை வாளியில் அள்ளிக்கொண்டுவந்து அலுவலக வாசலில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சுற்றுச்சூழல் இலாகாக்காரர்கள் வருவதற்குள் தனியார் ஆய்வு அறிக்கை ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று கம்பெனிக்கு அவசரம்.

ஐஸ் பெட்டி, போத்தல்கள், என் மீட்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். குளத்துக்கரையில் வண்டியை விட்டு இறங்கியதும் மூக்கு எரிந்தது. அமோனியா. பால் கட்டிப்போகாமல் இருக்க அதில் அமோனியா கலப்பார்கள், அதனால் அந்தத் தொழிற்சாலைகளில் வாடை இருப்பது வழக்கம்தான். ஆனால் இது கண்ணில் நீர் வரவைக்கிற வாடை. கரையில் நின்ற ஆளைப் பார்த்து, “என்னண்ணே, இப்படி அடிக்குது?” என்றேன்.

“என்ன அடிக்குது மிஸ்?” என்றார் அவர்.

உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து பால் கொட்டகையிலேயே இருந்தவர். அந்தத் தொழிற்சாலையில் யாருக்குமே அந்த வாடை தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அவர் சட்டையைத் தனியாகத்தான் துவைப்போம், அவர் மட்டும் “நல்லாத்தானே இருக்கு” என்பார்.

ஆறுமுகம் அண்ணன்தான் குளத்தைப் பார்த்துக்கொள்கிறவர். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் சீப்பு. காலணியைக் குளத்துக் கொட்டகை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார், மீட்டர் உள்ளே இருக்கிறதாம். வேலை இதுதான்: தொழிற்சாலையிலிருந்து வருகிற கழிவுநீர் புளிப்பாக இருக்கும், ஏனென்றால் நீரில் எஞ்சிய கடைசிப் பாலைப் பிரிக்க அமிலம் ஊற்றுகிறார்கள். மீட்டரில் அளந்து, ஏழு வரும்வரை சுண்ணாம்பு போட வேண்டும். ஏழு வந்ததும் திறந்துவிடலாம்.

“ஏழு பாத்துத்தான் மிஸ் தொறந்தேன். சத்தியமா. இங்க பாருங்க” என்று கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். அவர் மீட்டரில் ஏழுதான் இருந்தது. அதே குளத்துத் தண்ணீரில் என் மீட்டரை விட்டேன். ஒன்பதைத் தாண்டி நின்றது.

அப்போதுதான் அவர் குச்சி வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். ஒரு பழைய ஹார்லிக்ஸ் போத்தல், பளபளவென்று தேய்த்துக் கழுவியது. அதில் தெளிந்த நீர். அதற்குள் அந்தக் கண்ணாடிக் குச்சியை நிறுத்தி வைப்பது வழக்கம் என்றார். போத்தலைத் தூக்கி முகர்ந்தேன். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

“இது என்னண்ணே?”

“அமோனியாத் தண்ணி மிஸ். பால் ஒட்டிடக் கூடாதுல்ல? ஒரு நாள் விட்டா ரப்பர் தோலு மாதிரி புடிச்சுக்கும். நான் டெய்லி மாத்திடுவேன். இந்தப் பேக்டரியிலேயே சுத்தமான சாமான் இதுதான்” என்றார். குரலில் பெருமை இருந்தது.

“யாரு இதுல வைக்கச் சொன்னா?”

“மிஸ்டர் தனபாலன்தான் குடுத்தாரு. ‘மெட்ரோலாக் மாதிரியே பாத்துக்க ஆறுமுகம், விலை கூட’ன்னாரு.”

மெட்ரோலாக் என்பது பாலின் கெட்டியை அளக்க அதில் மிதக்கவிடுகிற கண்ணாடிக் கருவி. அளந்து முடிந்ததும் அமோனியாத் தண்ணீரில் அலசி வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அலசாவிட்டால் பால் உறைந்து கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பால் கொட்டகையில் வளர்ந்த எந்த மனிதனைக் கேட்டாலும் கண்ணாடிச் சாமானை அமோனியாவில்தான் போடுவான். என் அப்பாவிடம் அந்தக் குச்சியைக் கொடுத்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார். துணை மேனேஜர் தனபாலனுக்கும் அது தெரியும். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான், இப்போது வாசனைத் திரவியம் பூசிக்கொள்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் குச்சி மெட்ரோலாக் இல்லை. அதற்குள் ஒரு வெள்ளிக் கம்பி இருக்கிறது, அதன்மேல் ஒரு பூச்சு. அமோனியா அந்த வெள்ளைப் புள்ளி வழியாகப் பாலத்துக்குள் நுழைந்து, அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டிருந்தது. பூச்சுப் போகப் போக மீட்டர் உண்மையைவிடக் கீழே காட்டும். ஒன்பதை ஏழு என்னும். அவர் ஏழு வரவேண்டுமே என்று மேலும் மேலும் சுண்ணாம்பு போட்டார். சுண்ணாம்பு ஏறியதும், தண்ணீருக்குள் அடங்கிக் கிடந்த அமோனியா விடுபட்டு விஷமானது. மீன்கள் செத்தன.

என் பையிலிருந்த பரிசோதனைத் திரவத்தில், ஏழு என்று நிச்சயமாகத் தெரிந்த திரவத்தில், அவருடைய குச்சியை விட்டேன். ஐந்துக்கும் கீழே காட்டியது. அவர் குனிந்து பார்த்தார். “இது என்ன தண்ணி?” என்று கேட்டார். இந்தத் திரவம் இங்கே இல்லையா, தினமும் இதில்தானே சரிபார்க்க வேண்டும் என்றேன். முன்பு ஒரு போத்தல் இருந்ததாம். தீர்ந்துபோய் மாதக்கணக்காகிறதாம். கேட்டதற்கு, மீட்டர்தான் நன்றாக ஓடுகிறதே என்று வாங்கித் தரவில்லையாம்.

அன்றைக்கே அறிக்கை எழுதினேன். தண்ணீரின் அளவுகளை எழுதி, அதன் கீழே மீட்டரின் பாலம் கெட்டிருப்பதையும், சரிபார்க்கும் திரவம் இல்லாததையும், ஆளுக்குப் பயிற்சி தரப்படாததையும் எழுதினேன். மறுநாள் சொக்கலிங்கம் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். “சாப்பிட்டீங்களா?” என்றார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நம்மகிட்ட என்ன கேட்டாங்க? தண்ணியப் பத்திக் கேட்டாங்க. மீட்டரப் பத்திக் கேட்டாங்களா?”

“மீட்டராலதானே சார் இது நடந்தது?”

“இருக்கலாம். அது அவங்க வீட்டு விஷயம்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் முதல் வாரமே உங்ககிட்ட சொல்லியிருக்கேன்.”

“பாலத்துக்குக் கருத்து கூடாது, அதானே சார்? பாலம் சும்மா ஒண்ணும் நிக்கல. ரெண்டு பக்கமும் தன்னோட உப்பைக் குடுத்துக்கிட்டே இருக்கு. குடுக்கலன்னா ஒண்ணும் ஓடாது.”

அவர் சிரித்தார். எவ்வளவு அன்பான சிரிப்பு! “கரெக்ட். ஆனா குடுத்துட்டு அது பேசுதா?”

அந்த மூன்று வரிகள் இல்லாமல்தான் அறிக்கை போனது. கையெழுத்து அவருடையது. எண்கள் எல்லாம் சரி. அதில் ஒரு பொய்கூட இல்லை, அதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது.

அறிக்கை என்ன சொன்னது? குளத்தில் சுண்ணாம்பு மிக அதிகம் என்றது. சுண்ணாம்பு போடுகிறவர் யார்? ஆறுமுகம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. வேலை நேரத்தில் குடித்துவிட்டு அளவில்லாமல் கொட்டிவிட்டார் என்று கம்பெனி குற்றம் சாட்டி, உள் விசாரணைக்குத் தேதி போட்டது. அவர் குடிக்கிறவர்தான், மறைப்பானேன். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கள் குடிப்பார். குளத்துக்கரையில் குடித்ததை யாரும் பார்த்ததில்லை.

அவரும் அவர் மனைவியும் என் வீட்டைத் தேடி வந்தார்கள். விலாசம் எப்படிக் கிடைத்ததோ தெரியவில்லை. அந்த அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அழுதார். வேலை போனால் லயத்து வீடும் போகும். ஓய்வுக்கு இன்னும் சில வருடம்தான். அதுவரை தாக்குப்பிடித்தால் வீட்டுக்குப் பதிலாக மலிவு வீடு ஒன்று தருவதாகக் கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. இடையில் நீக்கப்பட்டவருக்கு அது கிடையாது.

“நீங்க வந்து சொல்லுங்க மிஸ். நான் குடிக்கலன்னு சொல்லுங்க. மீட்டருதான் கோளாறுன்னு நீங்க பாத்தீங்கல்ல” என்றார் ஆறுமுகம் அண்ணன்.

விசாரணைக்குப் போகிறேன் என்று சாரிடம் சொன்னேன். தடுக்கவில்லை. “லீவுல நீங்க எங்க போறீங்கன்னு நான் கேக்குறதில்லையே” என்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

விசாரணை அறையில் குளிர்சாதனம் பற்களைத் தட்ட வைத்தது. தலைமையகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி நடுவில் இருந்தார். ஒரு பக்கம் மனிதவளப் பிரிவுப் பெண், இன்னொரு பக்கம் தனபாலன். ஆறுமுகம் அண்ணன் எனக்குப் பின்னால், சுவர் ஓரம், மேல் பொத்தான்வரை போட்ட சட்டையோடு. மலாயிலோ ஆங்கிலத்திலோதான் பேச வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். நான் அவருக்காகத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லத் தொடங்கியபோது அதிகாரி கையைத் தூக்கி நிறுத்தினார்.

எனவே ஆங்கிலத்தில் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். பலகையில் படம் போட்டேன். கண்ணாடிக் குச்சி, உப்பு அறை, வெள்ளைப் புள்ளி, பாலம், வெள்ளிக் கம்பி. மீட்டர் எப்படிப் பொய் சொன்னது, அவர் ஏன் அந்தப் பொய்யை நம்பிச் சுண்ணாம்பு போட்டார் என்று ஒவ்வொரு படியாகச் சொன்னேன். நிதானமாக அளந்து அளந்து போடுகிறவனைக் குடிகாரன் என்று சொல்ல முடியாது, அவர் எண்ணைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார் என்றேன். அதிகாரி தலையை ஆட்டினார். குடித்திருந்தார் என்ற குற்றச்சாட்டு நிற்காது என்று அங்கேயே சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பிறகு மனிதவளப் பெண் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “அப்படியானால் கருவியைக் கெடுத்தது அமோனியா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

“அமோனியாவில் வைத்தது யார்?”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. சரிபார்க்கும் திரவம் வாங்கித் தரவில்லையே, சொல்லிக்கொடுக்கவில்லையே என்று நான் சொல்லச் சொல்ல, தனபாலன் குறுக்கிட்டார். மிகவும் மரியாதையாக. “மெட்ரோலாக்கைப் போல் கவனமாகப் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னேன். அமோனியாவில் ஊறவை என்று நான் சொன்னேனா? அவரையே கேளுங்கள்.”

அதிகாரி மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், நீதான் வைத்தாயா என்று. ஆறுமுகம் அண்ணன் எழுந்து நின்றார். “யா, துவான்”, ஆமாம் ஐயா, என்றார். அவருக்கு அந்தக் கேள்வி ஒன்றுதான் புரிந்தது. அதற்கு உண்மையான பதிலைச் சொன்னார்.

குடித்ததற்காக அவரை நீக்கவில்லை. கம்பெனியின் கருவியைத் தவறாகக் கையாண்டு சேதப்படுத்தி, அதன் மூலம் ஆற்றுக்குக் கேடு விளைவித்த கவனக்குறைவுக்காக நீக்கினார்கள். சான்று என் வாக்குமூலம். என் படத்தைக்கூடப் பலகையிலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், “அப்ப நாந்தான் கெடுத்தேனா மிஸ்?” நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அந்த மாதமே வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும். தனபாலன் அடுத்த வருடம் மேனேஜரானார்.

நான் வேலையை விடவில்லை. வீட்டுக்கடன் இருந்தது, மகள் தஞ்சோங் மாலிமில் படித்துக்கொண்டிருந்தாள். சொக்கலிங்கம் சார் அந்தக் கதையைக் கருத்தரங்குகளில் சொல்ல ஆரம்பித்தார். மென்மையான குரலில், நல்ல நகைச்சுவையோடு சொல்வார். அவர் சொல்கிற கதையில் தனபாலன் இல்லை, தீர்ந்துபோன போத்தல் இல்லை, மெட்ரோலாக் இல்லை. ஒரு ஆள், ஒரு வாளி அமோனியா, அவ்வளவுதான். ஒருமுறை கூட்டத்தில் எழுந்து மிச்சத்தைச் சொன்னேன். “பரமேஸ்வரி எப்பவும் இரக்கசாலி” என்றார் சார். எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு என்னைக் கருத்தரங்குகளுக்கு அழைத்துப் போவதில்லை.

சங்கீதா, இந்த இடத்தோடு உன் கேள்விக்குப் பதில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் உன் படம் வந்து ஒரு வாரம் கழித்து நான் அவரைப் பார்த்தேன்.

ஈப்போவில் ஒரு பேரங்காடியின் பின்பக்கக் கார் நிறுத்துமிடம். டிக்கெட் இயந்திரம் வேலை செய்யவில்லை. நீலச் சட்டை போட்ட ஒரு கிழவர் வெயிலில் நின்று கையால் தடுப்புப் பலகையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் சீப்பு இருந்தது. அதைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. “அண்ணே” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “லேப் மிஸ்ஸா?” என்றார்.

அவருக்கு இடைவேளை வந்ததும் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாராம். மகனோடு ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாராம். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எங்கேயும் வேலை கிடைக்கவில்லையாம்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க மிஸ்” என்றார். “குடிச்சிட்டான்னு சொல்லி அனுப்பியிருந்தாக்கூட வேற பேக்டரியில எடுத்திருப்பாங்க. குடிக்காத ஆளு எங்க இருக்கான்? மெசினக் கெடுத்தவன்னு எழுதிட்டாங்க. அத வச்சுக்கிட்டு எவன் உள்ள விடுவான்?”

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

“இன்னொண்ணு ரொம்ப நாளா கேக்கணும்னு. அன்னைக்கி நீங்க ரூமுல திருப்பித் திருப்பி ஒண்ணு சொன்னீங்களே, சால்ட் பிரிட்ஜு, சால்ட் பிரிட்ஜுன்னு. அதத்தான் நான் கெடுத்தேன்னாங்க. அது என்ன மிஸ்?”

இத்தனை வருடம் அவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லவில்லை. கடைக்காரரிடம் இரண்டு கிளாஸ் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் கேட்டு வாங்கினேன். ஒரு டிஷ்யூவைத் திரித்து, உப்புக் கரைத்த தண்ணீரில் நனைத்து, ஒரு முனையை இந்தக் கிளாஸிலும் மறு முனையை அந்தக் கிளாஸிலும் தொங்கவிட்டேன். தமிழில் சொன்னேன். இந்தப் பக்கம் நாம் அளக்கிற தண்ணீர், அந்தப் பக்கம் மீட்டருடைய தண்ணீர், நடுவில் இது. இதிலிருக்கிற உப்புதான் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் மீட்டருக்குச் சேதி போகிறது.

அவர் டிஷ்யூவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப உப்பு தீந்து போகும்லா?”

“போகும்ணே.”

“தீந்தா?”

“குச்சியோட பக்கத்துல ஒரு சின்ன மூடி இருந்துச்சே? அதத் தொறந்து புது உப்புத் தண்ணி ஊத்தணும். ராத்திரி வைக்கிறதும் அதே உப்புத் தண்ணியிலதான்.”

“அமோனியாவுக்குப் பதிலா உப்புத் தண்ணி.”

“ஆமா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாண்ணே.”

அவர் இரண்டு கிளாஸையும் பார்த்துக்கொண்டே இருந்தார். டிஷ்யூவின் நடுவிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. அதைத் துடைத்தார்.

“நான் டெய்லி மாத்தினேன் மிஸ்” என்றார். “எதச் சொல்லியிருந்தாலும் டெய்லி மாத்தியிருப்பேன்.”

வெளியே ஒரு கார் ஹார்ன் அடித்தது. அவர் பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு, பலகையைத் தூக்கிவிட எழுந்து போனார்.